பேசுவார்கள், ஒன்றுக்கு அறுபது

மஞ்சமுகட்டுப் பந்தய மைதானத்தில் அந்த வருஷத்து சீசன் முடிந்து, குதிரைகளெல்லாம் லாரியேறி மலையிறங்கிப் போய், லாயங்களைக் கழுவிவிட்டுக் கதவடைத்து, மின்சாரக்காரர் வந்து மைதானத்து இணைப்பையும் துண்டித்துவிட்டுப் போனதற்கு அப்புறம், மழை தூற ஆரம்பித்த ஒரு காலையில், நடுமைதானத்தில் நிற்கும் பெரிய போர்டு தானாக எரிந்தது. வழக்கமாகக் குதிரைகளின் பெயரும் பெயருக்கு நேராக விலையும் மினுங்குகிற அந்தப் போர்டில் அன்றைக்கு இரண்டே வரிதான் இருந்தது. முதல் வரியில் ‘பேசுவார்கள்’ என்றும் அதற்கு நேராக ஒன்று கட்டினால் அறுபது என்றும், இரண்டாவது வரியில் ‘பேசமாட்டார்கள்’ என்றும், அதற்கு நேராக, கட்டியதற்கு மேல் ஒரு சுண்டைக்காய்கூடக் கிடைக்காத ஒரு விலையும் தெரிந்தன. மேலே ஓடுகிறவர்களின் பெயர் எழுதும் இடத்தில் நஞ்சுண்டன், மாதேவி என்று இருந்தது.

டீக்கடை பீரான் பாய்லருக்குக் கரி போட வெளியே வந்தவர், போர்டை ஒருதரம் பார்த்துவிட்டு, உள்ளே பார்த்து மனைவி ஆமினாவிடம், “அறுபது கொஞ்சம் கம்மி. நானா இருந்தா நூறு போட்டிருப்பேன்” என்றார். ஊரில் மற்றவர்கள் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். போர்டு எப்படி எரிகிறது என்று யாரும் கேட்கவில்லை, விலை சரிதானா என்றுதான் கேட்டார்கள், ஏனென்றால் பந்தய மைதானத்தை வைத்துப் பிழைக்கிற ஊரில் எரிகிற போர்டைப் பார்த்து வேறு என்ன கேட்கத் தோன்றும்.

நஞ்சுண்டனும் மாதேவியும் புருஷன் பெண்சாதி. அவர் அந்தப் போர்டுக்கு மின்வேலை பார்ப்பவர், பல்பு மாற்றுகிறதும் ஒயர் பார்க்கிறதும் பந்தய நாளில் விலை ஓடுகிறபோது ஒரு எண்ணும் அணையாமல் காவல் காக்கிறதும் அவர் வேலை. அவள் பந்தயப் பணம் கட்டுகிற டோட் கவுண்டரில் மூன்றாவது ஜன்னலில் டிக்கெட் கொடுப்பவள். மைதானத்துக்குப் பின்னால் ஊழியர் வரிசையில் கடைசி வீட்டில் இருவரும் ஒரே அடுப்பில் சமைத்து ஒரே கூரையில் ஒழுகுகிற மழைக்கு ஆளுக்கொரு பாத்திரம் வைத்து வாழ்ந்தார்கள். பேசிக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான். பேச்சு நின்ற வருஷம் குட்டியாக வந்து இறங்கிய குதிரையெல்லாம் ஓடி முடித்து, ஓய்வுபெற்று, எங்கோ பண்ணையில் புல் மேய்ந்துகொண்டிருந்தது.

காரணம் ஊருக்கே தெரியும். பெரிய கோப்பைப் பந்தயத்தன்று காலையில் கீழே சத்தியமங்கலத்துப் பக்கம் மாதேவியின் அப்பா தவறிப்போனார். “நீ முன்னால போ, கடைசி ரேஸ் முடிஞ்சதும் வந்துர்றேன்” என்று அவளை பஸ் ஏற்றிவிட்ட நஞ்சுண்டன், அன்று மழையில் போர்டு விட்டுவிட்டு எரிந்ததால் ஏணியை விட்டு இறங்க முடியாமல், எல்லாம் அடக்கம் ஆன பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். போர்டு நின்றுபோனால் வந்திருக்கிற கூட்டம் பார்வையாளர் ஸ்டாண்டையே கொளுத்திவிடும் என்று அவர் சொன்னது பொய்யில்லை. “என்ற அப்பனுக்கு ஒருபிடி மண்ணுப் போட வராத ஆளுகிட்ட எனக்கென்ன பேச்சு” என்று அவள் கேட்டதும் பொய்யில்லை. ரெண்டு பேரும் சரியாக இருந்ததால் அது தீர வழியில்லாமல் போயிற்று.

வீட்டுக் காரியங்கள் பூனை மூலமாக நடந்தன. “பூனையே, அரிசி தீர்ந்துபோச்சு” என்று மாதேவி சொல்வாள். சாம்பல் நிறப் பூனை நஞ்சுண்டனைப் பார்க்கும். “பூனையே, சாயங்காலம் வாங்கியாரேன்னு சொல்லு” என்று அவர் சொல்வார். பூனை மாதேவியைப் பார்க்கும். இதில் ஒரு குறையும் இருந்ததாக மாதேவிக்குத் தோன்றியதில்லை. சண்டை இல்லை, பதில் சொல்ல வேண்டியதில்லை, மத்தியானம் பனி இறங்கும்போது அவர் ஒரு மூலையில் ரேடியோவைப் பிரித்துப் போட்டிருக்க அவள் ஒரு மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்தால் அந்த நேரம் அமைதியாகவும் கதகதப்பாகவும்தான் இருந்தது.

மைதானத்து செகரட்டரி குடையோடு வந்து நஞ்சுண்டனைக் கூப்பிட்டு, “நஞ்சுண்டா, இதை அணைக்க முடியுமா?” என்று கேட்டார்.

“பியூஸ் கட்டை என்ற பையிலதாங்க சார் இருக்குது” என்று எடுத்துக் காட்டினார் நஞ்சுண்டன். “இதுக்கு மேல என்னத்தைங்க அணைக்கிறது.”

“அப்ப எரியட்டும்” என்று சொல்லிவிட்டு செகரட்டரி டீ குடிக்கப் போனார்.

அன்று மத்தியானமே டோட் கவுண்டரின் மூன்றாவது ஜன்னல் தானாகத் திறந்துகொண்டது. உள்ளே ஆள் இல்லை. முதலில் போன பீரான் ரூபாய் நோட்டை நீட்டினார், ஜன்னலிலிருந்து ஒரு காற்று வந்து நோட்டை அவர் சட்டைமேலேயே ஒட்டிவிட்டது. இரண்டு மூன்று பேர் முயன்று பார்த்து, பணம் இங்கே செல்லாது என்று தெரிந்துகொண்டார்கள். பீரான் கொஞ்ச நேரம் தாடியைத் தடவிவிட்டு, தன் கடையில் விடிந்ததும் இறங்குகிற முதல் டிக்காஷனின் மணத்தை ‘பேசமாட்டார்கள்’ மேல் கட்டினார். ஜன்னல் டிக்கெட் கொடுத்தது. மறுநாள் காலையில் அவர் கடை டிக்காஷன் நிறமும் ருசியும் இருந்து மணம் மட்டும் இல்லாமல் இறங்கியது. ஊர் அதைக் குடித்துப் பார்த்து, ஆட்டம் நேர்மையானதுதான் என்று ஒப்புக்கொண்டது.

அப்புறம் எல்லோரும் கட்டினார்கள். கேரட் கழுவும் பெண்கள் பாட்டுகளைக் கட்டினார்கள், கட்டிய பாட்டு பந்தயம் முடியும்வரை வாயில் வரவில்லை. போஸ்ட்மேன் தன் குறட்டையைக் கட்டிவிட்டு அவர் வீட்டார் நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்துப் பெருமைப்பட்டார். தையல்கார செல்வநாயகம் கட்டுவதற்கு ஒன்றும் அகப்படாமல், ஒரு சுவர் விஷயமாகத் தன் தம்பிமேல் நெடுநாளாக வைத்திருந்த வன்மத்தைக் கொண்டுபோய் ‘பேசுவார்கள்’ மேல் கட்டினார், ஜன்னல் அதையும் வாங்கிக்கொண்டது. வன்மம் கவுண்டருக்குள் இருந்ததால் அன்று மாலை தம்பி எதிரே வந்தபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள மறந்துபோய், “மழைக்குள்ள எங்கடா போற?” என்று கேட்டுவிட்டார், தம்பியும் நின்று பதில் சொன்னான். இதைப் பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்களிடம் அந்த மாதிரி என்ன இருக்கிறது என்று பெட்டியடி வரை தேடி எடுத்துக்கொண்டு வந்தார்கள், அந்த மழைக்காலத்தில் மஞ்சமுகட்டில் சண்டையே இல்லாமல் போயிற்று.

விதிகளில் தகராறு வரக்கூடாது என்று டீக்கடையில் ஒரு கமிட்டி உட்கார்ந்தது. இருமினால் பேச்சில் சேராது. தூக்கத்தில் பிதற்றினால் சேராது. பூனையிடம் சொன்னது பூனையிடம் சொன்னதுதான். நேருக்கு நேர், ஒருவர் கேட்டு மற்றவர் பதில் சொல்ல வேண்டும், அதுதான் முடிவுக் கோடு என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

மாதேவி தினமும் தண்ணீர் எடுக்கப் போகும்போது வேலிக்கு இந்தப் பக்கம் நின்று போர்டைப் பார்த்தாள். அறுபது. முதல் நாள் அவளுக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது, மஞ்சமுகடே அவளை அசைக்க முடியாதவள் என்று சொல்கிறதே என்று. இரண்டாவது தடவை பார்த்தபோது கர்வம் குறைந்து, என்னை இவ்வளவு கல்லாகவா நினைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

ஆமினா குழாயடியில் கேட்டாள். “அக்கா, அறுபதுன்னா என்ன அர்த்தம்? நீங்க பேச மாட்டீங்கன்னு மேல எழுதிட்டானா?”

“மேல எங்க எழுதறான், கீழதான் எழுதறாங்க” என்றாள் மாதேவி, குடத்தைத் திருப்பி வைத்துக்கொண்டே. “குதிரை ஜெயிக்குமான்னு போர்டுக்குத் தெரியாது ஆமினா. அந்தக் குதிரைமேல எத்தனை பேருக்கு நம்பிக்கைன்னுதான் அதுக்குத் தெரியும். கட்டறவங்க கம்மியா இருந்தா விலை அதிகம். எல்லாரும் ஓடிப்போய்க் கட்டினா விலை இறங்கும். குதிரைங்களை விடற கேட்டைத் திறக்கிற வரைக்கும் ஏறிக்கிட்டும் இறங்கிக்கிட்டும்தான் கெடக்கும், முன்னால கட்டினவங்களுக்கும் கடைசியில நிக்கிற விலைதான். குதிரை பாட்டுக்கு லாயத்துல கொள்ளு தின்னுக்கிட்டு நிக்கும், தன் விலை என்னன்னு அதுக்குத் தெரியவே தெரியாது.”

“நீங்கதான் தெனமும் வேலியில நின்னு பாக்கறீங்களே.”

மாதேவி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள், நடக்கும்போதுதான் குழாயை மூடாமல் வந்துவிட்டது தெரிந்தது.

ஆமினா தன் புருஷனுக்குத் தெரியாமல் ‘பேசுவார்கள்’ மேல் கட்டியிருந்தாள், ஆகையால் இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு மத்தி மீனைக் காட்டிப் பூனையைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பூனை போன செய்தி பரவியதும் போர்டில் அறுபது ஐம்பதாயிற்று, ஐம்பது நாற்பதாயிற்று, சாயங்காலத்துக்குள் இருபத்தைந்தில் வந்து நின்றது. இனி அரிசி தீர்ந்தால் மாதேவி யாரிடம் சொல்வாள் என்று மழைக்கு ஒதுங்கிய இடமெல்லாம் பேச்சாக இருந்தது. மாதேவி யாரிடமும் சொல்லவில்லை. அரிசி டப்பாவைக் கவிழ்த்து வாசற்படியில் வைத்தாள். நஞ்சுண்டன் அதைப் பார்த்துவிட்டுப் போய் அரிசி வாங்கிக்கொண்டு வந்து, டப்பாவை நிமிர்த்தி வைத்தார். விலை ஐம்பதுக்குத் திரும்ப ஏறியது. வீட்டில் பூனையைப் பார்த்துவிட்டிருந்த பீரான் மனைவிக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தார், அதில் மணம் இல்லை.

ஆனால் பூனை இல்லாத வீட்டில் மாதேவிக்கு ஒன்று புரிந்தது. பூனையிடம் சொன்னதெல்லாம் அரிசி பருப்பு மட்டுமில்லை. “பூனையே, இன்னிக்குக் குளிரு ஜாஸ்தி” என்று அவள் சொல்லியிருக்கிறாள். “பூனையே, முதுகுவலிக்கு அந்தத் தைலத்தைத் தேய்ச்சுக்கச் சொல்லு” என்று அவர் சொல்லியிருக்கிறார். குளிரையும் முதுகுவலியையும் எந்த டப்பாவைக் கவிழ்த்துச் சொல்வது என்று தெரியாமல் அவள் துணியை மடித்துப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். எதிர் மூலையில் அவர் ஒரே ரேடியோவை மூன்றாவது முறையாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அப்படிப் போய்க்கொண்டிருக்கையில், மழை விட்டு, மலைமுகட்டில் வெயில் எட்டிப்பார்த்த ஒரு முற்பகலில், மாதேவி குடத்தோடு வேலியோரம் வந்தபோது போர்டில் ஐம்பத்திரண்டு இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளக்குகள் ஒருதரம் சிமிட்டின. ஐம்பத்திரண்டு போய் ஆறு வந்தது.

அவள் குடத்தைக் கீழே வைத்தாள்.

ஊர் கட்டுகிற விலை அவளுக்குத் தெரியும், அது மாட்டுவண்டி மாதிரி இறங்கும், ஐம்பது, நாற்பத்தெட்டு, நாற்பத்தைந்து என்று. பொறி பறக்கிற மாதிரி ஒரே சிமிட்டலில் இப்படி விழுந்தால் அது ஊர் கட்டியதில்லை. அதற்கு லாயத்துக் கட்டு என்று பெயர். குதிரைக்கு நேற்று கால் நோவா, காலையில் தீனி எடுத்ததா, கண்ணில் என்ன இருக்கிறது என்று பக்கத்தில் படுத்து எழுந்தவனுக்குத்தான் தெரியும், அவன் வந்து தன்னிடம் இருக்கிறதிலேயே கனமானதைக் கொண்டுவந்து கட்டினால்தான் விலை இப்படி விழும். எத்தனையோ சீசனில் மூன்றாவது ஜன்னலில் உட்கார்ந்து அந்த மாதிரிக் கட்டை அவள் கையாலேயே வாங்கிப் போட்டிருக்கிறாள், போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் போர்டு தலைகீழாகியிருக்கும். இந்தப் பந்தயத்தில் லாயம் என்று ஒன்று இருந்தால் அது ஊழியர் வரிசையில் கடைசி வீடு. அங்கே இருப்பது இரண்டு பேர். அவள் கட்டவில்லை.

டீக்கடைப் பக்கமிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து போர்டைப் பார்த்தார்கள், யார் கட்டியது என்று ஒருவரை ஒருவர் விசாரித்தார்கள், விசாரித்துக்கொண்டே வேலியோரம் நிற்கிறவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். போகும் வழியெல்லாம், அப்பாவின் அடக்கம் முடிந்த வாசலில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நனைந்த சட்டையில் துரு அப்பியபடி அவர் நின்ற நிற்பு அவள் கண்ணுக்குள் இருந்தது. அந்தத் துருவை அவள் அன்றைக்கே பார்த்திருந்தாள். ஏணியை விட்டு நேராக பஸ்ஸுக்கு ஓடிவந்த சட்டை அது என்று அன்றைக்கே தெரியும். தெரிந்ததைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தாள்.

நஞ்சுண்டன் புழக்கடைப் படியில் உட்கார்ந்து முறத்தில் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். அவர் உட்கார்ந்திருந்த விதத்தில் ஏதோ ஒரு மாற்றம் இருந்தது, எப்போதும் கொஞ்சம் விறைப்பாக இருக்கும் தோள் இன்றைக்கு இறங்கி, சாதாரணத் தோளாக இருந்தது. மாதேவி போய் அடுத்த படியில் உட்கார்ந்தாள். முறத்திலிருந்து ஒரு கை பட்டாணிக்காயை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உரிக்க ஆரம்பித்தாள். வேலிக்கு அப்பால், அவளைத் தொடர்ந்து வந்த மஞ்சமுகடு மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

“என்னத்தைங்க வெச்சீங்க?” என்று கேட்டாள்.

ஒரு பட்டாணி அவர் விரலிலிருந்து தவறிப் படியில் உருண்டு போனது. அவர் அது போய் நிற்கிற வரைக்கும் பார்த்தார்.

“அன்னிக்கு நான் செஞ்சது சரிதான்னு மனசுக்குள்ள ஒண்ணு வெச்சிருந்தேனில்ல” என்றார். “அதை வெச்சுட்டேன்.”

“முழுசாவா?”

“அரைகுறையா வெச்சா ஜன்னல் வாங்காதுன்னு நெனைச்சேன். கொண்டுபோறப்ப கல்லு மாதிரி கனம். வெச்சுட்டு வர்றப்ப கை காத்தாடுது மாதேவி. உங்கப்பன் என்னைய மாப்ளேன்னு கூப்பிட்டதே இல்ல, நஞ்சான்னுதான் கூப்பிடுவாரு. அந்தக் கூப்பாடு வர்ற வழியெல்லாம் காதுல கேட்டுச்சு. போயிருக்கணும். போர்டு நின்னா நின்னுட்டுப் போகுதுன்னு போயிருக்கணும்.”

மாதேவி இன்னும் இரண்டு காயை உரித்தாள்.

“போயிருந்தா ஸ்டாண்டைக் கொளுத்தியிருப்பாங்க” என்றாள். “அதும் எனக்குத் தெரியும்.”

வேலிப் பக்கமிருந்து முதலில் ஒரு பாட்டுக் கேட்டது. கேரட் கழுவும் பெண்களில் ஒருத்தியின் வாயில் அவள் கட்டிய பாட்டு திரும்ப வந்துவிட்டது. போர்டில் இரண்டாவது வரி அணைந்து, முதல் வரி மட்டும் தனியாக நின்று எரிந்தது. கமிட்டிக்காரர்கள், கேட்டவர் ஒருவர் பதில் சொன்னவர் ஒருவர் என்று விதியைச் சரிபார்த்து, பந்தயம் முடிந்தது என்று அறிவித்தார்கள். தோற்றவர்கள் கவலைப்படவில்லை. பீரான் தன் டிக்காஷன் மணத்தை இழந்தார், ஆனால் ஆமினா தன் வெற்றிலைப் பெட்டியின் மணத்தைக் கட்டி ஆறு மடங்கு ஜெயித்திருந்ததால் கடையில் அதற்கப்புறம் டீயிலும் பன்னிலும் வெற்றிலை மணந்தது, அதைக் குடிப்பதற்கென்றே கீழேயிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். செல்வநாயகம் கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டு வெகுநேரம் கவுண்டர் முன்னால் நின்றார். ஒரு வன்மத்துக்கு ஆறு வன்மம். அவர் டிக்கெட்டை நான்காகக் கிழித்து மழைத்தண்ணீர் ஓடுகிற சாக்கடையில் போட்டுவிட்டு, தம்பி வீட்டில் சாப்பிடப் போனார்.

புழக்கடையில் மாதேவிக்கும் அந்தக் கணக்கு அப்போதுதான் உறைத்தது.

“ஏனுங்க, ஜெயிச்சுட்டீங்களே” என்றாள். “உங்க நியாயம் ஆறு மடங்கா திரும்பி வருமே. ஒரு மடங்கையே என்னால இத்தனை வருஷம் தாங்க முடியலை. ஆறை வெச்சுக்கிட்டு இந்த வீட்ல நான் எங்கே குடியிருக்கிறது?”

நஞ்சுண்டன் சட்டைப் பையில் கையை விட்டு, மடித்த டிக்கெட்டை எடுத்து, அவள் மடியில் பட்டாணித் தோலுக்கு மேல் வைத்தார்.

“டிக்கெட்டுல பேரு எழுதியிருக்குதா பாரு” என்றார்.

இல்லை. டோட் டிக்கெட்டில் என்றைக்கும் பெயர் இருக்காது. யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் பட்டுவாடா, அந்த ஜன்னலில் உட்கார்ந்தவளுக்கு இது தெரியாதா. அவள் டிக்கெட்டையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள், அப்புறம் பட்டாணித் தோலை உதறிவிட்டு எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மைதானத்தைப் பார்த்து நடந்தாள். நஞ்சுண்டனும் செருப்பைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார். கூட்டம் வழிவிட்டது. அவள் மூன்றாவது ஜன்னலில் டிக்கெட்டை நீட்டினாள். ஜன்னல் அதை வாங்கிக்கொண்டு, அவளுக்குச் சேர வேண்டியதை ஒன்றுவிடாமல் கொடுத்துவிட்டுத் தானாகச் சாத்திக்கொண்டது, போர்டும் அணைந்தது.

ஆறு மடங்கு நியாயம் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் இரண்டு கைக்கும் அடங்காமல், நனைந்த நெல்மூட்டை மாதிரி கனத்தது. ஊர் பார்க்க அதை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் தலை நிமிர்ந்து மைதானம் முழுக்க நடந்து வந்தாள். ஊழியர் வரிசைக்கு ஏறுகிற மேட்டடியில் மூச்சு வாங்கி நின்று, பின்னால் வருகிறவரைத் திரும்பிப் பார்த்து, “வேடிக்கை பார்த்துக்கிட்டே வர்றீங்களே, பாதியைப் பிடிங்க” என்றாள்.